தோளுயரத்தில் ஒரு கல்

இலண்டன் மாநகரின் பிக்காடிலிச் சாலையில், கிரீன் பார்க் பூங்காவின் வேலியை ஒட்டிய நடைபாதையில், காண்போரைத் திகைக்க வைக்கும் பொருள் ஒன்று நிற்கிறது. இரண்டு இரும்புத் தூண்கள். அவற்றின்மேல் கிடத்தப்பட்ட தடித்த மரப்பலகை ஒன்று. அவ்வளவே. அதன்மேல் அமரலாம் என்றால் பலகை தோளுயரத்தில் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கலாம் என்றால் அகலம் போதாது. பேருந்து நிறுத்தமும் அன்று. அறிவிப்புப் பலகையும் அன்று. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து செல்கின்றனர். அது எதற்காக அங்கே நிற்கிறது என்று அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தெரியாது.

பணியின் பொருட்டு அந்நகரில் வாழ்ந்த நாள்களில் நாமும் அவ்வழியே பலமுறை நடந்ததுண்டு. உடன் பணியாற்றிய உள்ளூர் நண்பர்களிடம் வினவியபோது, குதிரையைக் கட்டுவதற்கு என்றார் ஒருவர். பூங்காவின் பழைய வாயிலில் எஞ்சிய பகுதி என்றார் மற்றொருவர். தமிழகத்துச் சிற்றூரில் வளர்ந்த எவரும் இப்படி ஊகிக்க வேண்டியதில்லை. கண்ட மாத்திரத்திலேயே, "இது சுமைதாங்கி அல்லவா?" என்று கூறிவிடுவர். நம்மைத் திகைக்க வைத்தது வேறொரு வினா. நம் ஊர்ப்புறத்து வழிகளில் நிற்கும் சுமைதாங்கி, செல்வச் செழிப்பு மிக்க அந்தத் தெருவுக்கு எவ்வாறு வந்தது?

ஒரு பங்குக் குழு செய்த வேலை

விடையை அங்குப் பதிக்கப்பட்டுள்ள குறிப்பே கூறுகிறது. சுரூஸ்பரி நகரின் சார்பில் இருபது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த ஆர். ஏ. ஸ்லேனி என்பவரின் யோசனைப்படி, ஹானோவர் சதுக்கத்துத் தூய ஜார்ஜ் பங்கின் ஆட்சிக் குழு, 1861-ஆம் ஆண்டில் அதனை நிறுவியது. சுமை தூக்கும் தொழிலாளரும், சுமையோடு செல்லும் பிறரும் சற்றே இளைப்பாற வேண்டும் என்பதே அதன் நோக்கம். அக்காலத்து இலண்டனில் தெருவைச் செப்பனிடுதல், விளக்கேற்றுதல், துப்புரவு ஆகிய கடமைகளை ஆங்கிலிக்கத் திருச்சபைப் பங்குகளின் பெயரால் அமைந்த இத்தகைய குழுக்களே நிறைவேற்றி வந்தன. நம் பங்குப்பேரவைக்கு நகராட்சியின் பொறுப்பும் சேர்ந்திருந்தால் எப்படியோ, அப்படி என்று கொள்ளலாம்.

ஸ்லேனி 1791-இல் பிறந்தவர். நெரிசல் மிகுந்த தொழில் நகரங்களில் ஏழைகள் காற்று வாங்க ஓர் இடம்கூட இல்லையே என்று கவலையுற்று, பொது உலாவிடங்களைக் குறித்து ஆராய 1833-இல் அமைந்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1862-இல் அவர் மறைந்தார். பெரிய சட்டங்களைப் பற்றிப் பேசிய அம்மனிதரின் உள்ளத்தில், தெருவில் மூட்டையுடன் நடப்பவனின் கழுத்து வலிக்கும் இடம் இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தலைச்சுமை என்பது கீழைநாட்டு வழக்கம் என்று நாம் நினைக்கிறோம். அன்றைய இலண்டனும் மனிதர் தலையாலும் முதுகாலும் சுமந்த நகரமே. காவன்ட் கார்டன் காய்கறிச் சந்தையில் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தலையில் ஏற்றிச் செல்வர். பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைச் சுமையாள்கள், மரமும் தோலும் கொண்டு செய்த தட்டையான தொப்பியை அணிந்து, அதன்மேல் மீன் பெட்டிகளைத் தூக்கினர். நம் பெண்கள் பழந்துணியைச் சுருட்டி வைக்கும் சும்மாட்டுக்கும் அத்தொப்பிக்கும் பயன் ஒன்றே. அச்சந்தையில் உரிமம் பெற்ற சுமையாள்களின் பழைய முறை 2012-இல்தான் முடிவுக்கு வந்தது. பிக்காடிலிப் பலகையும் 2014-இல் அவ்விடத்தினின்று அகற்றப்பட்டது. எனினும் நகரத்தார் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பழையதைப் போலவே ஒன்றைச் செய்து மீண்டும் அங்கே நிறுத்தினர்.

இறக்குவதற்கும் ஒரு துணை

சுமைதாங்கியின் அருமையை அறிய, தலைச்சுமையின் இயல்பை அறிய வேண்டும். தலையில் ஏற்றிய பாரம் முதுகெலும்பின் வழியே நேராகக் கால்களுக்கு இறங்குகிறது. எனவே பழகியவர்கள் இருபது, முப்பது கிலோ எடையுடன் நெடுந்தூரம் நடந்துவிடுவர். துன்பம் நடப்பதில் இல்லை. ஏற்றுவதிலும் இறக்குவதிலும் இருக்கிறது. தரையில் கிடக்கும் மூட்டையைத் தனி ஒருவராகத் தலைக்கு ஏற்றுதல் அரிது. தலையில் இருப்பதைத் தனியே கீழே இறக்க முயன்றால் கழுத்துச் சுளுக்கும், பொருளும் சிதறும். அதனால்தான் வழியில் எதிர்ப்படுவோரிடம், "ஐயா, சற்றுக் கை கொடுங்கள்" என்று கேட்கும் வழக்கம் நம் நாட்டில் நிலைபெற்றது. முன்பின் அறியாதவரும் அவ்வேண்டுகோளை மறுப்பதில்லை.

எதிரே ஒருவரும் வராத வழியில் என்ன செய்வது? களைத்தாலும் நிற்க இயலாது. நின்றாலும் சுமை தலைமேல்தான் இருக்கும். அத்தகைய தனிவழியில், இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் மூன்றாவது கல்லைப் படுக்க வைத்தனர் நம் முன்னோர். சுமையுடன் வருபவர் அருகில் சென்று முழங்காலைச் சிறிதே மடக்கினால் போதும். மூட்டை கல்லின்மேல் நகர்ந்துவிடும். புறப்படும்போது தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் சுமை ஏறிவிடும். குனிய வேண்டியதில்லை, எவரையும் வேண்டி நிற்க வேண்டியதும் இல்லை. யாரோ ஒருவர், தாம் ஒருபோதும் காணப்போகாத வழிப்போக்கருக்காக, என்றோ கொடுத்து வைத்த கை அது.

இக்கல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தில் இதனை அத்தாணி என்பர். கொச்சி விமான நிலையத்தை அடுத்துள்ள ஊரின் பெயரே அத்தாணிதான். கன்னட நாட்டில் ஹொரெகல்லு என்று வழங்குவர். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் சுமைதாங்கியும், கால்நடைகள் உடலை உராய்ந்துகொள்ளும் ஆவுரஞ்சிக் கல்லும் அருகருகே நிற்பதைக் காணலாம். மாட்டின் தினவையும் மனிதனின் களைப்பையும் ஒருசேர எண்ணிய நெஞ்சங்கள் அவை. நம் நாட்டில் சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், காவேரிப்பாக்கத்துக்கு அப்பால், சுமைதாங்கி என்றே ஓர் ஊர் உண்டு. கல் மறைந்த இடங்களிலும் பெயர் மறையவில்லை. குடும்பத்துக்காகத் தன்னை ஒடுக்கிக்கொள்ளும் மனிதரைச் சுமைதாங்கி என்று அழைக்கிறோம். 1962-இல் ஸ்ரீதர் இயக்கிய திரைப்படமும் அப்பெயரைத் தாங்கி வந்தது.

இறக்கப்படாத சுமை

இக்கற்களுள் பல எதற்காக நடப்பட்டன என்பதை அறியும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. கருவுற்ற பெண் ஒருத்தி, குழந்தையைப் பெற்றெடுக்கும் முன்பே இறந்துவிட்டால், அவள் நினைவாக அவளுடைய உறவினர் சுமைதாங்கி எழுப்புவது தமிழகத்தில் பரவலாக இருந்த வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே அவள் போய்விட்டாள். அவள் பெயரால் பிறருடைய சுமை இறங்கட்டும். அந்த ஆறுதல் அவளையும் சென்று சேரட்டும் என்பதே அவர்களுடைய எண்ணம்.

அவர்கள் நம் மறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் அந்த எண்ணம் நமக்கு அந்நியமானதன்று. இறந்தோர்க்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் நாம், அவர்கள் பெயரால் ஏழைகளுக்கு அறம் செய்யும் நாம், நவம்பர்த் திங்களில் கல்லறைகளில் விளக்கேற்றும் நாம், அந்தக் குடும்பத்தாரின் கண்ணீரை நன்கு அறிவோம். அவர்கள் அவளுக்கு உருவச்சிலை வைக்கவில்லை. அவள் பட்ட துயரத்தை, முகமறியாத ஒருவரின் இளைப்பாறுதலாக மாற்றி வைத்தனர். துயரத்தைச் சுவராக எழுப்பிக்கொண்டு அதற்குள் ஒடுங்குவோரே உலகில் மிகுதி; அதைப் பிறருக்குப் பயன்படும் கல்லாக நட்டவர்களை நாம் வணங்கத்தான் வேண்டும்.

மற்றொன்றையும் இக்கற்கள் சொல்கின்றன. ஊருக்கு ஊர் அவை நின்றன என்றால், பேறுகாலம் எத்தனை பெண்களை விழுங்கியிருக்க வேண்டும்! ஏடுகளில் எழுதப்படாத அந்த இறப்புகளுக்குக் கல்லே கணக்கு. 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழகத்தில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். முன்னாளை நோக்க இது பெரும் முன்னேற்றம். ஆயினும் 54 என்பது இலக்கம் மட்டுமன்று. அது ஐம்பத்து நான்கு வீடுகள்.

மலைமேல் ஏறிய சுமைகள்

இதனைக் கோத்தகிரியில் இருந்துகொண்டு எழுதும்போது, நம் மலையின் வரலாறும் சுமந்தவர்களின் வரலாறே என்பது புலப்படுகிறது. கோத்தர்களின் தெரு என்னும் பொருளில் 'கோத்தர் கேரி' என்பதே கோத்தகிரி ஆயிற்று என்பர். கொல்லரும் குயவரும் தச்சரும் இசைவாணருமாக வாழ்ந்த அம்மக்களின் தெருவே இவ்வூருக்குப் பெயர் தந்தது.

மலபார்க் கரையிலிருந்து 1603-இல் நீலகிரிக்கு ஏறி வந்த இயேசு சபைத் துறவி ஃபெனிசியோவே இம்மலையைப் பற்றி எழுதி வைத்த முதல் ஐரோப்பியர். தோதவர் பண்டைக் கிறிஸ்தவர்களாக இருக்கக்கூடும் என்ற செய்தியைக் கேட்டு அவர் வந்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1819-இல், கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய இல்லம் இன்றும் நிற்கிறது. சிறுமுகையிலிருந்து இப்பக்கமாக மலையேறும் பாதை, லெப்டினன்ட் மக்பர்சன் மேற்பார்வையில் 1823-இல் முடிவுற்றது.

சமவெளியினின்று கோத்தகிரியின் உயரத்தை அடைய, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்தாக மேலேற வேண்டும். வண்டிகள் ஏறத்தக்க சாலை அமையும் வரை, மலைமேல் குடியேறியவர்களின் வீட்டுப் பொருள்கள் மாட்டின் முதுகிலும் மனிதரின் தலையிலுமே வந்து சேர்ந்தன. நோயுற்ற வெள்ளையரும் அவர்தம் பெண்டிரும் பல்லக்கிலும் நாற்காலியிலும் தூக்கிவரப்பட்டனர். பாதை அமைத்த அதிகாரியின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. பாதையில் சுமந்தவர்களை அது கூலிகள் என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

அவர்களுக்குப் பின்னர் தேயிலை வந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பியோர் பலர், 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் நம் மலைகளில் குடியமர்ந்தனர். நம் பங்குகளிலும் அவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய முன்னோர், 19-ஆம் நூற்றாண்டில், மன்னார்க் கரையிலிருந்து கண்டி மலைகளுக்குக் காட்டுவழியே மூட்டைகளுடன் நடந்தவர்கள். வழியிலேயே மாண்டவர்களும் மிகப்பலர். சுமையோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள், சுமையோடு திரும்பி வந்து, மீண்டும் கொழுந்து மூட்டையைத் தலையில் ஏற்றினர்.

மலைச்சரிவை வெட்டி அமைத்த பாதைகளில், மேட்டுப்புறத்து மண்கரை நடப்பவரின் தோளுக்குச் சரியாக நிற்கும். விறகுக் கட்டோடும் கொழுந்து மூட்டையோடும் வரும் தாய்மார், பின்புறமாகத் திரும்பிச் சுமையை அக்கரைமேல் சாய்த்து, ஒரு நொடி கண்மூடி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். மனிதர் கல் நடாத இடத்தில் மலையே தோள் கொடுக்கிறது.

தாங்குதலும் சுமத்தலும்

திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், படிப்போரை மயங்க வைக்கும் இரண்டு அறிவுரைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்க வேண்டும் என்கிறார். அதுவே கிறிஸ்துவின் சட்டத்தை நிறைவேற்றுவது என்கிறார். மூன்று வசனங்கள் தள்ளி, ஒவ்வொருவரும் தத்தம் சுமையைத் தாமே சுமக்க வேண்டும் என்கிறார். இரண்டும் எவ்வாறு ஒத்துப்போகும்?

வழியோரத்துக் கல் இதனை நமக்கு விளக்குகிறது. சுமைதாங்கி எவருடைய மூட்டையையும் தனதாக்கிக்கொள்வதில்லை. ஊர்வரை கொண்டு சேர்ப்பதுமில்லை. சற்று நேரம் தாங்குகிறது. பிறகு உரியவரிடமே ஒப்படைக்கிறது. பிள்ளையை இழந்த தாயின் துயரத்தை நாம் வாங்கிக்கொள்ள முடியாது. கடன்பட்டவரின் இரவுகளை அவருக்காக நாம் விழித்திருக்க இயலாது. ஆயினும் அவர்கள் மூச்சு வாங்கும் நேரத்துக்குத் தோள் கொடுக்க இயலும். அத்துணைச் சிறிய உதவியா என்று கேட்போர், இரண்டு கல் தொலைவு தலைச்சுமையோடு நடந்து பார்க்கட்டும்.

சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் காணும் சீரேன் ஊரானாகிய சீமோனும் இதையே செய்தான். கட்டாயத்தின் பேரில்தான் தோள் கொடுத்தான். அவனால் ஆண்டவரின் சாவைத் தடுக்க முடியவில்லை. வழியின் ஒரு பகுதியில் மட்டும் அவருடைய பாரத்தைத் தாங்கினான். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை அவனை மறக்கவில்லை. மாறாக, பளுவான சுமைகளைக் கட்டிப் பிறர் தோள்மேல் வைத்துவிட்டு, ஒரு விரலாலும் தொட மறுப்போரை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை நற்செய்தி நமக்குச் சொல்கிறது. தோள் கொடுப்பதும் சுமையை ஏற்றிவிட்டு விலகி நிற்பதும் ஆகிய இரண்டுக்கும் இடையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே வினா.

இன்றைய கற்கள்

சாலைகள் அகலமாகும்போது சுமைதாங்கிகள் பெயர்த்து எறியப்படுகின்றன. ஊர்திகள் பெருகிய காலத்தில் அக்கற்கள் எதற்கு என்று கேட்கலாம். சுமை மறைந்திருந்தால் அக்கேள்வி நியாயமானதே. சுமை மறையவில்லை, உருமாறியிருக்கிறது. துணிக்கடையில் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே பணியாற்றும் பெண்ணின் கால்களில் அது இருக்கிறது. அப்பெண்ணுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. உண்மையில் அது ஒரு சுமைதாங்கியே. உணவுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வெயிலில் விரையும் இளைஞர்களுக்காக, 2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் ஓய்வறை ஒன்றைத் திறந்தது. 1861-இல் ஸ்லேனி கண்ட அதே மனிதனைத்தான் அவ்வறை கட்டியவர்களும் கண்டிருக்கிறார்கள்.

நம் மலையிலோ இன்னும் பழைய சுமையே எஞ்சியிருக்கிறது. சாலை எட்டாத பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து, பேறுகால வேதனையில் இருக்கும் பெண்ணைத் துணித் தொட்டிலில் கிடத்தி, கம்பில் கட்டித் தோளில் சுமந்து வர நேர்ந்த செய்திகளை இக்காலத்திலும் படிக்கிறோம். முன்னோர் எந்தப் பெண்ணின் நினைவாகக் கல் நட்டனரோ, அந்தப் பெண் இன்னும் வழியில்தான் இருக்கிறாள். கோத்தகிரியை மையமாகக் கொண்டு, மருத்துவர் எஸ். நரசிம்மன் 1958-இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச்சங்கம் போன்ற அமைப்புகள் அவளுக்காக நெடுங்காலம் உழைத்து வந்துள்ளன. இறந்தபின் கல் நடுவதைவிட, இறக்காமல் காப்பது மேலான சுமைதாங்கி அன்றோ!

1955-இல் உருவான நம் உதகை மறைமாவட்டத்தின் பங்குகளில் பேரவைகள் கூடுகின்றன. திருவிழாவுக்கும் கட்டடத்துக்கும் திட்டமிடுகின்றன. அக்கூட்டங்களில் ஒருமுறையேனும் இதனையும் பேசலாம். கோயில் மதிலின் வெளிப்புறத்தில், பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்மார் மூட்டையை வைக்கத் தோளுயரத்தில் ஒரு பலகைக் கல்லும், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் அமைக்கப் பெரும்பொருள் தேவையில்லை. மழையில் நின்றே கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு கூரைக்காகக் குரல் கொடுக்கலாம். பேறுகாலம் நெருங்கிய பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, ஊர்தி வைத்திருக்கும் குடும்பங்கள் முறைவைத்துப் பொறுப்பேற்கலாம். ஊரில் பழைய சுமைதாங்கி ஏதேனும் எஞ்சியிருந்தால், சாலைப்பணி தொடங்குமுன் அதிகாரிகளைக் கண்டு, அதனைப் பத்தடி தள்ளி நட்டு வைக்குமாறு வேண்டலாம்.

சுமை சுமந்து சோர்ந்தவர்களைத் தம்மிடம் வரச் சொன்னார் ஆண்டவர். அவர்கள் நம் தெரு வழியாகத்தான் அவரிடம் வந்துகொண்டிருக்கிறார்கள். இலண்டனில் ஒரு பங்குக் குழு 1861-இல் செய்து முடித்தது, நம் பங்குப்பேரவைகளுக்கும் இயலாத காரியமன்று.